ஜிடி40 ரெப்ளிகாவுக்கு எக்ஸாஸ்டும் கூலிங்கும்: தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு

கார் பித்துப் பிடித்தவர்கள் நாலு பேர் கூடினால் மூன்று வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும், இல்லேன்னா பிக்கப் போயிடும்." "தண்ணி ரொம்ப வேகமா ஓடினா ரேடியேட்டர்ல ஆற நேரம் இருக்காது." "ஹீட் ஆகுதா, பெரிய ஃபேனா போடு." மூன்றிலும் துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் மூன்றும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கம்பெனியிலிருந்து வந்த காரை ஓட்டுகிறவர் இவற்றை நம்பினாலும் பெரிய சேதமில்லை. கணக்கையெல்லாம் யாரோ ஒரு பொறியாளர் முன்பே போட்டு வைத்திருப்பார். பெட்டி பெட்டியாக வந்திறங்கும் பாகங்களைக் கொண்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரை நீங்களே கட்டும்போது அந்தப் பொறியாளர் நீங்கள்தான்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கார் ஃபோர்டு ஜிடி40. 1966 முதல் 1969 வரை தொடர்ந்து நான்கு முறை லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார். உயரம் தரையிலிருந்து சுமார் 40 அங்குலம்தான், பெயரில் உள்ள 40 அதுதான். அசல் கார்கள் நூற்றுச் சொச்சம்தான் செய்யப்பட்டன, விலை கோடிகளில். அதனால் பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல இடங்களில் பலர் இதன் நகலைச் செய்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே உட்காருவது ஃபோர்டின் 302 அல்லது 351 வி8 எஞ்சின் (எண்கள் எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்கின்றன).

கோப்ரா என்ற இன்னொரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ரெப்ளிகாவும் இதே அளவுக்குப் பிரபலம்தான். ஆனால் அதில் எஞ்சினும் ரேடியேட்டரும் முன்பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஜிடி40-இல் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கு நுனியில். பாடம் படிக்க வசதியான கார் இதுதான். எல்லாத் தொல்லையும் இதில் பெரிதாகத் தெரியும்.

## சூடு எங்கே போகிறது

எரிக்கும் பெட்ரோலின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போகிறது. மிச்சம், தண்ணீர், எண்ணெய், எஞ்சினின் உடம்பு வழியாகக் காற்றில் கலக்கிறது. 300 குதிரைத்திறனை முழுதாக மிதித்து எடுக்கும் நேரத்தில் ஏறக்குறைய அதே அளவு சூட்டை ரேடியேட்டரும், அதே அளவைப் புகைக்குழாயும் சுமக்கின்றன.

ஆக எக்ஸாஸ்ட், கூலிங் இரண்டும் தனித்தனிக் கடையில் வாங்கும் தனித்தனிச் சாமான் இல்லை. ஒரே சூட்டை வெளியேற்றும் இரண்டு வழிகள். இரண்டிலும் ஆட்கள் உள்ளே போகிற வாயைத்தான் பார்க்கிறார்கள். சிக்கல் பெரும்பாலும் வெளியே வருகிற வாயில் இருக்கிறது.

## புகை தானாகப் போவதில்லை, இழுக்கப்படுகிறது

நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ரயில் சின்ன ஸ்டேஷனைக் கடக்கும்போது பிளாட்பாரத்தில் கிடக்கும் காகிதமும் டீ கப்பும் அதன் பின்னாலேயே பறக்கும். கடைசிப் பெட்டி போனதும் அதன் முதுகில் ஒரு கணம் காற்றழுத்தம் குறைகிறது, சுற்றியுள்ள காற்று அந்த இடத்தை நிரப்ப ஓடுகிறது. அதே ரயில் ஒரு சுரங்கப்பாதைக்குள் போனால் இந்த இழுப்பு இன்னும் பலமாக இருக்கும். வெட்டவெளியில் பத்தடி தள்ளி நின்றால் ஒன்றுமே தெரியாது.

எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது நடப்பது இதுதான். சிலிண்டருக்குள் இன்னும் மிச்சமிருக்கும் அழுத்தத்தால் எரிந்த வாயு ஒரு கட்டியாகக் குழாய்க்குள் பாய்கிறது. இந்தக் கட்டிக்குப் பெயர் பல்ஸ். அது ஓடும்போது பின்னால் அழுத்தம் குறைகிறது, சிலிண்டரில் தங்கிய மீதிப் புகையும் இழுபட்டு வெளியே வருகிறது. இந்த இழுப்புக்குப் பெயர் ஸ்கேவஞ்சிங். எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு லேசாகத் திறந்துவிடும் ஒரு நொடித்துளி உண்டு. இழுப்பு அந்த நேரத்தில் சரியாக வாய்த்தால் புதுக் காற்றும் சேர்ந்தே உள்ளே வருகிறது.

இப்போது பேக் பிரஷர் கதைக்கு வரலாம். பேக் பிரஷர் என்றால் புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம். எந்த எஞ்சினுக்கும் அதனால் நன்மை இல்லை. அப்படியானால் பெரிய குழாய் போட்டவுடன் கீழ் வேகத்தில் பிக்கப் ஏன் குறைகிறது? குழாய் அகன்றதும் வாயுவின் வேகம் விழுந்துவிடுகிறது. சுரங்கப்பாதையில் ஓடிய ரயிலை மைதானத்தில் ஓடவிட்ட மாதிரி. குறைந்தது இழுப்பு. ஆட்களோ "பிரஷர் குறைஞ்சதால பிக்கப் போச்சு" என்று பழியை வேறிடத்தில் போடுகிறார்கள். குழாய் புகை தடையில்லாமல் போகும் அளவுக்கு அகலமாகவும், வேகம் விழாத அளவுக்குக் குறுகலாகவும் இருக்க வேண்டும். சாலையில் ஓடும் 302-க்கு ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் குழாய் 1⅝ அங்குலம், அதாவது சுமார் 41 மி.மீ., என்பது வழக்கமான அளவு. 351-க்கு 1¾ அங்குலம். இதற்கு மேல் போவதற்கு ரேஸ் எஞ்சின் என்ற காரணம் இருக்க வேண்டும்.

## பாம்புக் கூட்டம் எதற்கு

ஜிடி40-இன் பின் மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எட்டுக் குழாய்கள் ஒன்றன் மேல் ஒன்று புரண்டு கியர்பாக்ஸுக்கு மேலே முறுக்கிக்கொண்டு கிடப்பது. அமெரிக்கர்கள் இதைப் பாம்புக் கூட்டம் என்பார்கள். அலங்காரம் மாதிரித் தெரியும். அதற்குள் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. இந்தக் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான்.

வி8-இல் பக்கத்துக்கு நான்கு சிலிண்டர். ஃபோர்டு கணக்கில் 1 முதல் 4 வரை வலப்பக்கம், 5 முதல் 8 வரை இடப்பக்கம். பழைய 289, 302 எஞ்சின்களில் வெடிக்கும் வரிசை 1-5-4-2-6-3-7-8. பக்கத்தை மட்டும் எழுதிப் பாருங்கள்: வலம், இடம், வலம், வலம், இடம், வலம், இடம், இடம். கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, 90 பாகை சுற்றும்போதெல்லாம் ஒரு வெடிப்பு. மொத்தமாகப் பார்த்தால் ஒரே சீர். வலப்பக்கத்தை மட்டும் பார்த்தால் இடைவெளிகள் 180, 90, 180, 270. இரண்டு ரயில் அடுத்தடுத்து வந்து முட்டுகிற மாதிரி, அப்புறம் நெடுநேரம் தண்டவாளம் காலி.

சாதாரண ஹெடரில் (சிலிண்டருக்கு ஒன்றாக வந்து கடைசியில் ஒன்று சேரும் குழாய்த் தொகுதிக்கு ஹெடர் என்று பெயர்) ஒரு பக்கத்து நான்கும் ஒன்றாகச் சேர்கின்றன. அந்தத் தாறுமாறான இடைவெளி அப்படியே கேட்கும். அமெரிக்க வி8-இன் கடகட உறுமல் என்று நாம் ரசிப்பது பெருமளவு அதுதான்.

இனி வெடிக்கும் வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுங்கள். 1, 4, 6, 7 ஒரு குழு. 5, 2, 3, 8 இன்னொரு குழு. ஒவ்வொரு குழுவிலும் சரியாக 180 பாகைக்கு ஒரு பல்ஸ். ஆனால் முதல் குழுவில் 1-உம் 4-உம் வலப்பக்கம், 6-உம் 7-உம் இடப்பக்கம். ஆகவே பக்கத்துக்கு இரண்டு குழாய் எஞ்சினைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயே தீர வேண்டும். அதுதான் அந்த முறுக்கல். இதற்கு 180 பாகை ஹெடர் என்று பெயர். சத்தமும் மாறிவிடும், உறுமல் போய், இரண்டு நாலு சிலிண்டர் எஞ்சின்கள் சேர்ந்து கத்துகிற மாதிரி கூர்மையாகக் கேட்கும்.

351 எஞ்சினின் வரிசை வேறு: 1-3-7-2-6-5-4-8. பென்சிலை எடுத்து அதிலும் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துப் பாருங்கள். 1, 7, 6, 4 ஒரு குழு. 3, 2, 5, 8 இன்னொரு குழு. அதே இரண்டு குழுக்கள்! வரிசை மாறினாலும் குழாய் ஜோடிகள் மாறுவதில்லை. கேமை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை) மாற்றி அதனால் வரிசை மாறினால் ஹெடரையும் தூக்கியெறிய வேண்டுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. 351 பிளாக் உயரமும் அகலமும் கூடியது என்பதால் குழாயின் வளைவுகள் பொருந்தாமல் போகலாம், அது வேறு கணக்கு.

வாங்கலாமா? சாலையில் நிமிடத்துக்கு 5,500 சுழற்சிக்குக் கீழே ஓடும் 302-க்கு, நன்றாகச் செய்த சாதாரண ஹெடரைவிட இதில் கிடைக்கும் கூடுதல் சக்தி சொற்பம். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சத்தத்துக்கும் தோற்றத்துக்கும்தான் வாங்குகிறார்கள், அதில் தப்பும் இல்லை. ஜிடி40 கட்டிவிட்டு பின் மூடியைத் திறந்தால் பாம்புகள் இல்லையென்றால் எனக்கே ஏமாற்றமாக இருக்கும். ஆனால் எட்டுக் குழாய்களின் சூடும் கியர்பாக்ஸுக்கு மேலே, ஃபைபர் பாடிக்குக் கீழே குவியும் என்பதையும் அதே பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: புகையை இழுப்பது வாயுவின் வேகம். சீரான இடைவெளியில் வரும் பல்ஸ்கள் ஒன்றையொன்று இழுக்கும், முட்டிக்கொள்ளும் பல்ஸ்கள் தடுக்கும். குழாய் அகலமும் குழாய் ஜோடியும் இதற்காகத்தான்.

## உலோகம், சுற்றுப்பட்டி, சைலன்சர்

304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்ல தேர்வு. ஆனால் அது சூட்டில் நன்றாக நீளும். ஒரு மீட்டர் குழாய் 500 டிகிரிக்குச் சூடானால் 8 மி.மீ.க்கு மேல் நீண்டுவிடும். எல்லா முனையையும் இறுக்கி வெல்டிங் வைத்தால் எங்காவது ஒரு மூலையில் விரிசல் விடும். ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இணைப்பும், ரப்பர் அல்லது ஸ்பிரிங் வைத்த தாங்கியும் கட்டாயம்.

குழாயைச் சுற்றும் கண்ணாடியிழைப் பட்டி சூட்டை உள்ளேயே அடக்கும், எஞ்சின் அறை குளிரும். ஆனால் அது ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரண இரும்புக் குழாயை அதற்கடியில் துரு தின்றுவிடும். செராமிக் பூச்சு விலை கூடியது, எனக்கு அதுதான் மேல். எதைப் போட்டாலும் பெட்ரோல் லைன், ஸ்டார்ட்டர், பாடி மூன்றுக்கும் தனியாகத் தகடு வையுங்கள், தகட்டுக்கும் பொருளுக்கும் நடுவே விரற்கடை காற்று இருக்கட்டும். ஒட்டி வைத்த தகட்டால் பயனில்லை.

சைலன்சரைக் கடைசியில் யோசிக்கலாம் என்று விடாதீர்கள். பிரிட்டனில் வீட்டில் கட்டிய காருக்கான ஒப்புதல் சோதனையில், எஞ்சின் உச்ச சக்தி தரும் சுழற்சியின் முக்கால் பங்கில் வைத்துச் சத்தத்தை அளப்பார்கள்; 99 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஜிடி40-இன் வாலில் இடம் குறைவு. முதலிலேயே சைலன்சரின் நீளத்தை ஒதுக்காவிட்டால் பிறகு வைக்க இடமே இருக்காது.

## எப்போது சூடாகிறது என்று முதலில் கேளுங்கள்

கூலிங்கில் பொருள் வாங்குவதற்கு முன் விடை தெரிய வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் நிதானமாகப் போக இப்படியொரு தாழ்ந்த காருக்கு 20 குதிரைத்திறன் அளவே போதும். எஞ்சின் 300 குதிரைத்திறன் என்பதற்காக எப்போதும் 300-க்கான சூடு வருவதில்லை. சிக்னலில் நிற்கும்போது சூடு இன்னும் குறைவு, ஆனால் காற்றும் இல்லை. ஆகவே நின்றால் சூடாகி ஓடினால் ஆறுகிற காருக்கு வேண்டியது ஃபேன். ஃபேனைச் சுற்றி ரேடியேட்டர் முழுவதையும் மூடும் கூண்டும் வேண்டும். அது இல்லாவிட்டால் ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியில் மட்டும் காற்றை இழுக்கும்.

நின்றால் சரி, நெடுஞ்சாலையில் ஏறினால் சூடு என்றால் ஃபேனுக்கு அங்கே வேலையே இல்லை. அந்த வேகத்தில் ஃபேன் தள்ளுவதைவிடக் கூடுதலான காற்று தானாகவே வருகிறது. மிகப் பெரிய ஃபேனும் கூண்டும் வழியை அடைத்து நிலைமையைக் கெடுக்கக்கூட செய்யும். அப்போது பார்க்க வேண்டியது காற்றின் பாதை.

ஜிடி40-இன் மூக்குக்கு முன்னால் ஒரு வாய். உள்ளே சாய்த்து வைத்த ரேடியேட்டர். அதைத் தாண்டிய சூடான காற்று மூக்கின் மேற்பரப்பில் உள்ள திறப்புகள் வழியாக வெளியேறுகிறது. அந்த இடத்தைக் கண்ணுக்கு அழகாக இருக்கும் என்று தேர்ந்தெடுக்கவில்லை. கார் ஓடும்போது அந்த வளைவின் மேல் காற்றழுத்தம் குறைவாக இருக்கும், உள்ளே உள்ள சூட்டை அது உறிஞ்சி எடுக்கும். ரெப்ளிகாவில் அடிக்கடி கெடுவது இங்கேதான். ரேடியேட்டரின் நாலு பக்கமும் விரல் நுழையும் சந்து இருந்தால் காற்று சுலபமான வழியைப் பார்த்துக்கொண்டு அதன் வழியே நழுவிவிடும்; கோர், அதாவது ரேடியேட்டரின் நடுவிலுள்ள வலைப்பகுதி, வழியாகப் போகவே போகாது. அலுமினியத் தகடும் ஸ்பாஞ்சுப் பட்டையும் கொண்டு அந்தச் சந்துகளை அடைப்பது ஒரு மதிய வேலை. இதைச் செய்யாமல் இன்னும் தடித்த ரேடியேட்டர் ஆர்டர் போடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

சுருக்கமாக: நின்றால் சூடு, ஃபேனைப் பார். ஓடினால் சூடு, காற்றுப் பாதையையும் ரேடியேட்டரையும் பார். முள் தாறுமாறாகக் குதித்தால், அடுத்த பகுதியைப் படி.

## தண்ணீரும் ஏர் லாக்கும்

தண்ணீர் வேகமாக ஓடினால் ஆற நேரமிருக்காது என்கிறார்களே, அதே தண்ணீர் எஞ்சினுக்குள்ளும் குறைந்த நேரம்தானே இருக்கிறது? சுற்றிச் சுற்றி வரும் அமைப்பு இது. வேகம் கூடினால் ரேடியேட்டரின் இரு முனைக்கும் வெப்ப வித்தியாசம் குறையும், ஆனால் ரேடியேட்டர் முழுவதும் சூடாக இருப்பதால் மொத்தத்தில் காற்றுக்குப் போகும் சூடு கூடத்தான் செய்யும்.

நம் ஊர் ஒர்க்ஷாப்களில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது பழைய வைத்தியம். தெர்மோஸ்டாட் என்பது குறிப்பிட்ட சூடு வரும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் தடுக்கும் வால்வு. இந்த எஞ்சின்களில் 82 டிகிரி வால்வு வழக்கம். அதைக் கழற்றினால் சில கார்களில் சூடு கூடவும் செய்யும், மேலே சொன்ன நம்பிக்கை பிறந்ததும் அங்கேதான். உண்மைக் காரணம் வேறு. அந்த வால்வின் குறுகலான வாய் எஞ்சினுக்குள் தண்ணீரின் அழுத்தத்தை உயர்த்தி வைக்கிறது, சூடான மூலைகளில் நீராவிக் குமிழ் உண்டாகாமல் தடுக்கிறது. அது போனால் குமிழ் வரும். வால்வு இருக்கட்டும்.

ரேடியேட்டர் மூடியும் இதே வேலையைத்தான் செய்கிறது. வீட்டுக் குக்கரில் உள்ளபடியே, அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். சுமார் 1 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி ரப்பர் தேய்ந்து அழுத்தம் கசிந்தால், நல்ல ரேடியேட்டரும் சூடாகிற மாதிரித் தெரியும். இருப்பதிலேயே மலிவான பாகம், முதலில் மாற்ற வேண்டியதும் அதுதான்.

ஜிடி40-இல் உண்மையில் தூக்கத்தைக் கெடுப்பது ஏர் லாக், அதாவது குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்று. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால், நடுவே சீட்டுகளைத் தாண்டி நீண்ட இரண்டு குழாய்கள். எங்கெல்லாம் குழாய் மேடேறி இறங்குகிறதோ அங்கெல்லாம் காற்று தங்கும். பம்ப் தண்ணீரைத்தான் தள்ளும், காற்றுக் குமிழைத் தள்ளத் தெரியாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: வெப்பம் காட்டும் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் காற்றில் நின்றால் குறைவாகக் காட்டும். உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும், முள் இறங்கும்.

வழி இதுதான். எல்லாவற்றிலும் உயரமான இடத்தில், எஞ்சினைவிட மேலே, ஒரு எக்ஸ்பான்ஷன் டேங்க். தண்ணீர் சூடானதும் விரிய இடம் தரும் தொட்டி அது. 20 டிகிரியிலிருந்து 90-க்குப் போனால் தண்ணீர் சுமார் மூன்றரை சதவீதம் விரியும். 20 லிட்டர் கொள்ளும் அமைப்பில் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தொட்டியின் அடியிலிருந்து பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்கு ஒரு ஹோஸ். ரேடியேட்டரின் மேல் மூலையிலிருந்தும் எஞ்சினின் உயர்ந்த இடத்திலிருந்தும் தொட்டிக்கு ஒவ்வொரு மெல்லிய குழாய். காற்று எங்கே சேர்ந்தாலும் தானாக ஏறி தொட்டிக்கு வந்துவிடும். பம்ப் உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் உள்ளே ஸ்பிரிங் இருக்கட்டும். இல்லாவிட்டால் உயர்ந்த சுழற்சியில் அது உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிவிடும், நின்று பார்க்கும்போது ஒன்றுமே தெரியாது.

நடுவில் ஓடும் அந்த இரண்டு குழாய்களையும் பஞ்சு உறை போட்டு மூடுங்கள். 85 டிகிரித் தண்ணீர் இடுப்புக்குப் பக்கத்தில் ஓடுகிறது. ஜிடி40-க்குள் உட்கார்ந்தால் வேகும் என்ற பேருக்குப் பாதிக் காரணம் அவைதான்.

## முதல் ஓட்டம்

தொட்டியில் மெதுவாக ஊற்றுங்கள். ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்து வையுங்கள், குமிழ் இல்லாமல் தண்ணீர் வந்ததும் மூடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காத்திருங்கள். ஃபேன் சுழலத் தொடங்கும் முன் ரேடியேட்டரை மூலைக்கு மூலை கையால் தொட்டுப் பாருங்கள். ஃபேன் எந்த நொடியும் ஓடலாம், விரல் அதன் பக்கம் போகவேண்டாம். மேல் மூலை மட்டும் சில்லென்று இருந்தால் அங்கே காற்று நிற்கிறது.

அப்புறம் பின் மூடி இல்லாமல் ஒரு சுற்று, மூடியோடு அதே சாலையில் இன்னொரு சுற்று. இரண்டு முறையும் முள் ஒரே இடத்தில் நின்றால் நிம்மதி. மூடிய பிறகு மட்டும் ஏறினால் ரேடியேட்டரைத் திட்டாதீர்கள். பாம்புக் கூட்டத்தின் சூடு வெளியே போக வழியில்லாமல் பின்னால் தங்குகிறது. குழாய்க்குச் செராமிக் பூச்சும், வாலில் காற்று வெளியேற ஒரு திறப்பும்தான் அடுத்து வாங்க வேண்டியவை.